நேரான துவக்குக் குழல் சிதறடிக்கிறது, வளைந்த குழல் சேர்த்தடிக்கிறது: எதை நம்பி வாங்குவது?

கடைசல்காரன் (திருகோணமலை) எழுதியது:

வணக்கம். உட்துறைமுக வீதிப் பக்கம் சிறிய கடைசல் பட்டறை ஒன்று வைத்திருக்கிறேன். மீன்பிடிப் படகுகளின் சாப்ட் (சுழல்தண்டு) நிமிர்த்துவதும் அதைத் தாங்கும் புஷ் கடைந்து கொடுப்பதுமே என் அன்றாட வேலை. துவக்குகளைப் பற்றி முறையாகக் கற்றவன் அல்லன். தோக்கியோ ஒலிம்பிக்கில் எங்கள் நாட்டுத் தெஹானி எகொடவெல 10 மீற்றர் காற்றுத் துவக்குப் போட்டியில் நின்றதைத் தொலைக்காட்சியில் பார்த்த நாளிலிருந்து என் மகளுக்கும் அதே எண்ணம்தான். அவள் பழகும் கழகத்தில் குழலை மடக்கிக் குண்டு போடும் வகையில் இரண்டு துவக்குகள் உள்ளன. இரண்டும் வெவ்வேறு தொழிற்சாலைகளில் செய்யப்பட்டவை, விலை ஏறக்குறைய ஒன்று. இன்னும் இரண்டு வாங்கக் கழகம் பணம் சேர்த்திருக்கிறது. "நீ இரும்போடு புழங்குகிறவன்தானே, எந்தத் தொழிற்சாலைக் குழல் நேராக இருக்கும் என்று பார்த்துச் சொல்" என்று பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

பொறுப்பாளரை அருகில் வைத்துக்கொண்டு இரண்டு குழல்களையும் பார்த்தேன். வெளிச்சத்தை நோக்கிப் பிடித்து உள்ளே பார்த்தால் ஒளி வளையம் வளையமாகத் தெரியும் அல்லவா? முதல் துவக்கில் அந்த வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்று நடுவாக நின்றன. இரண்டாவதில் அவை ஒரு பக்கம் ஒதுங்கிக் கிடந்தன. வீ வடிவப் பள்ளமுள்ள தாங்குகட்டையில் (வீ-புளொக்) வைத்து, நுண்ணளவைக் காட்டும் டயல் கேஜைப் போட்டுச் சுற்றியபோது, முதலாவது முள்ளை அசைக்கவே இல்லை என்று சொல்லலாம். இரண்டாவது நடுப்பகுதியில் 0.20 மில்லிமீற்றர் காட்டியது. அதாவது வளைவு அதில் பாதி, 0.10. படகுச் சாப்ட் என்றால் இதை அப்படியே திருப்பிக் கொடுத்திருப்பேன்.

ஆனால் சுட்டுப் பார்த்தபோது கதை மாறிவிட்டது. மேசையில் மணல்மூட்டை வைத்து, ஒரே பெட்டிக் குண்டுகளை ஐந்தைந்தாகச் சுட்டோம். வளைந்த குழலின் ஐந்து ஓட்டைகளும் 9 மில்லிமீற்றருக்குள் அடங்கின. நேரான குழலோ 22 மில்லிமீற்றருக்குச் சிதறடித்தது. மூன்று நாள் மாற்றி மாற்றிச் சுட்டும் இதே நிலைதான். நேர்த்தன்மை என்பது குழலின் தரத்துக்கு அடையாளமே இல்லையா? அப்படியானால் தொழிற்சாலை மாதிரிகளை எதை வைத்து ஒப்பிடுவது?


ஆழ்துளை (ஜெர்மனி) எழுதியது:

வணக்கம் அண்ணை. துவக்குத் தொழிற்சாலையில் நான் வேலை செய்ததில்லை. ஆனால் உருக்குத் தண்டுகளில் நீண்ட துளை போடும் இயந்திரத்தில் பதினைந்து வருடங்களாக நிற்கிறேன். குழல் செய்யும் வேலையில் முதற்பாதி எங்கள் வேலைதான்.

முதலில் ஒரு திருத்தம். நீங்கள் டயல் கேஜில் அளந்தது குழலின் வெளிப்புறத்தை. துளை எங்கே போகிறது என்பதை அது சொல்லாது. நீண்ட துளை போடும்போது கருவியின் நுனியில் ஒரு பக்கம் மட்டுமே வெட்டும் விளிம்பு இருக்கும். அதன் நடுவிலுள்ள சிறு துவாரம் வழியாக எண்ணெயை அழுத்தத்தோடு செலுத்துவோம், சீவல்கள் பக்கத்துப் பள்ளத்தின் வழியே பின்னோக்கி வெளியேறும். தண்டைச் சுற்றவிட்டுக் கருவியையும் எதிர்த்திசையில் சுற்றினால் துளை நடுவைவிட்டு விலகுவது குறையும், ஆனால் முற்றாக நின்றுவிடாது. பிறகு அந்தத் துளையை மையமாகக் கொண்டு வெளிப்புறத்தைக் கடைவார்கள். துளை மெல்ல வளைந்து போயிருந்தால் இரு முனைகளிலும் சுவர்த் தடிப்பு ஒரேயளவாகவும் நடுவில் ஒரு பக்கம் தடிப்பாகவும் மறுபக்கம் மெல்லியதாகவும் வரும். அப்போது வெளிப்புறம் கண்ணாடி போல நேராக இருந்தும் உள்ளே வளைவு இருக்கலாம். உங்கள் முதல் துவக்கில் ஒளி வளையமும் நடுவில் நின்றது என்பதால் அது உண்மையிலேயே நேரான குழலாகத்தான் இருக்க வேண்டும்.

அந்த ஒளி வளையப் பார்வை இன்று நேற்று வந்ததல்ல. குழல் நிமிர்த்துவதையே தொழிலாகக் கொண்டவர்கள் சன்னல் சட்டத்தின் விளிம்பு போன்ற ஒரு நேர்கோட்டைத் துளையினூடாகப் பார்த்து, உட்சுவரில் விழும் அதன் நிழல் எந்த இடத்தில் முறிகிறதோ அந்த இடத்தை அழுத்துபொறியில் வைத்து ஒரு தட்டுத் தட்டி நேராக்குவார்கள். அமெரிக்காவின் சவேஜ் துவக்குத் தொழிற்சாலையில் மனிதர் கண்ணால் பார்த்து நிமிர்த்தும் இந்தப் பழக்கம் நெடுங்காலம் தொடர்ந்தது. சாப்டில் நீங்கள் செய்வதும் இதுதான். அப்படி நிமிர்த்தியது அப்படியே நிற்கிறதா என்பதை என்னைவிட நீங்கள் நன்கு அறிவீர்கள்.

வரிப்பள்ளம், அதாவது குண்டைச் சுழலவைக்கத் துளையின் உட்சுவரில் சுருளாகப் போகும் பள்ளம், போடுவதில்தான் தொழிற்சாலைகள் பெரிதும் வேறுபடுகின்றன. ஒற்றைக் கத்தியால் நூல் நூலாகச் சீவி எடுப்பது மிகப் பழைய முறை. மெதுவானது, ஆனால் உருக்குக்குள் இறுக்கத்தை (உள்ளே அடைபட்டு நிற்கும் அழுத்தத்தை) ஏற்றாதது. துளையைவிடச் சற்றுப் பருத்த, மிகக் கடினமான கார்பைட் முளையை உள்ளே இழுத்தோ தள்ளியோ பள்ளங்களை அமுக்கி எடுப்பது அடுத்த முறை. காற்றுத் துவக்குக் குழல்களுக்குப் பெயர்பெற்ற, 1925இல் தொடங்கிய லோதர் வால்தர் நிறுவனம் இந்த முறையில்தான் செய்கிறது. மூன்றாவது சுத்தியலடி முறை: வரிகளின் மறுபடிவம் செதுக்கிய கார்பைட் கம்பியைத் துளைக்குள் நிறுத்திவிட்டு, வெளியே சுற்றிலுமிருந்து இயந்திரச் சுத்தியல்கள் அடித்து உருக்கை அதன்மேல் நெருக்கும். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் எம்ஜி 42 இயந்திரத் துவக்கின் குழல்களை விரைவாக வார்த்தெடுப்பதுபோல் செய்து தள்ளவே ஜெர்மனியில் இது வளர்ந்தது. ஒஸ்திரியாவின் ஸ்டெயர் நிறுவனம் அந்த அடிகள் வெளிப்புறத்தில் விட்டுச் சென்ற சுருள் தழும்பைத் தேய்த்து மறைக்காமல் தன் எஸ்எஸ்ஜி 69 மாதிரியில் அப்படியே விட்டது. அதுவே அதன் அடையாளமாகிவிட்டது.

அமுக்கியோ அடித்தோ செய்த குழலுக்குள் இறுக்கம் தங்கும். சூட்டடுப்பில் வைத்து அதை நிதானமாகத் தளர்த்தாமல் வெளிப்புறத்தைச் சீவினாலோ, முன்குறி (குறிபார்க்க வாய்ப்பக்கத்தில் வைக்கும் சிறு முனை) பொருத்தப் பள்ளம் வெட்டினாலோ, வெட்டிய இடத்துக்கு நேர் உள்ளே துளை சற்று விரிந்துவிடும். உங்கள் முதல் துவக்கின் வாய்ப்பக்கத்தில் முன்குறிக்கான வெட்டு இருக்கிறதா என்று பாருங்கள். என் ஐயம் அங்கேதான்.


உப்புவெளியான் எழுதியது:

தம்பி, இருபது வருடத்துக்கு மேலாகப் பிள்ளைகளுக்குச் சுடப் பழக்கியவன் என்ற முறையில் சொல்கிறேன்: 10 மீற்றர்க் காற்றுத் துவக்கில் உங்கள் 0.10 மில்லிமீற்றர் வளைவு ஒரு பொருட்டே அல்ல. குண்டு குழலின் வாயை விட்டு வெளியேறும் கணத்தில் எந்தத் திசையை நோக்கியிருக்கிறதோ அந்தத் திசையில் போகும். ஒவ்வொரு குண்டும் அதே வளைவின் வழியே அதே திசையில் வெளியேறுகிறது என்றால் எல்லாம் ஒரே இடத்தில்தான் விழும். நீங்கள் சொன்ன அளவுக்கு, 45 சென்டிமீற்றர்க் குழலில், குண்டு படும் இடம் ஏறக்குறைய 9 மில்லிமீற்றர் விலகும். பார்வைக் குறியின் திருகாணியை நாலு கிளிக் திருப்பினால் அந்தக் கணக்குத் தீர்ந்தது.

எங்களிடம் முன்பு பழகிய ஒரு பையன், குழலை மடக்கித் திறந்து வைத்திருக்கும்போதே விசையை இழுத்துவிட்டான். உள்ளிருக்கும் சுருள்வில்லின் வேகத்தில் குழல் மேலே அறைந்து மூடிக்கொண்டது. நல்ல வேளை, விரல் தப்பியது. அன்றிலிருந்து அந்தத் துவக்கு எட்டுச் சென்டிமீற்றர் மேலே அடித்தது. குறியை அடிவரை இறக்கியும் போதவில்லை. ஆனால் சிதறவில்லை, மேலே ஒரே ஓட்டையாக அடித்தது! வளைவு செய்யும் கெடுதி அவ்வளவுதான்.

சிதறலுக்குக் காரணம் வேறு எங்கோ இருக்கிறது. முதலில் குழல்வாயைப் பாருங்கள். காது துடைக்கும் பஞ்சுக் குச்சி ஒன்றை எடுத்து, வாயின் உள்விளிம்பில் உள்ளிருந்து வெளியே மெல்ல இழுத்துச் சுற்றிலும் தடவுங்கள். பிசிறு இருக்கும் இடத்தில் பஞ்சின் நார் சிக்கி நிற்கும். கண்ணுக்குத் தெரியாத அந்தப் பிசிறு, குண்டின் பின்பாவாடை (பின்புறத்து விரிந்த மெல்லிய ஓரம்) வெளியேறும் கணத்தில் காற்றை ஒரு பக்கமாகத் தப்பவிட்டுக் குண்டைத் தள்ளாட வைக்கும். வாய்ப்பக்கத்திலிருந்து இரும்புக் கம்பியை விட்டுத் துடைக்கிற வழக்கம் கழகத்தில் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். பாதிக் குழல்கள் அப்படித்தான் கெடுகின்றன.

அடுத்தது, குண்டைக் கையால் தள்ளிப் பார்ப்பது. வில்லை இறுக்காமல், குழல் கழற்றிய நிலையில், பின்பக்கம் ஒரு குண்டை வைத்து, மரக்குச்சியோ பித்தளைக் கம்பியோ கொண்டு மெதுவாகத் தள்ளிக்கொண்டு போங்கள். நல்ல குழலில் கைக்கு ஒரே சீரான பிடிப்புத் தெரியும், வாயை நெருங்கும்போது சற்று இறுகும். நல்ல தொழிற்சாலைகள் வாய்ப்பகுதியை வேண்டுமென்றே இம்மியளவு ஒடுக்கிச் செய்வதன் பலன் அது. இடையில் எங்காவது குண்டு வழுக்கிக்கொண்டு ஓடினால் அந்த இடம் தளர்ந்திருக்கிறது. வாய்க்குப் பக்கத்தில் தளர்வு இருப்பதுதான் எல்லாவற்றிலும் மோசம், ஏனென்றால் குண்டின் கடைசிப் பிடிப்பு அங்கே கைநழுவுகிறது. ஏழெட்டு வெவ்வேறு குழல்களில் தள்ளிப் பழகினால், எந்தக் கருவியும் இல்லாமலே கை சொல்லிவிடும்.

இன்னொன்று. எங்கள் ஊரில் குழலைத் தின்பது உப்புக் காற்று. கச்சான் காற்று வீசும் காலத்திலும் சரி, மாரி மழையிலும் சரி, கடற்கரையிலிருந்து அரைக் கட்டைக்குள் (அரை மைலுக்குள்) இருக்கும் வீட்டுச் சுவரில் துவக்கைச் சாத்தி வைத்தால் ஒரு பருவத்துக்குள் வாய் விளிம்பில் துரு பூத்துவிடும். தொழிற்சாலையில் எவ்வளவு நேர்த்தியாகச் செய்திருந்தாலும் அதற்குமுன் நில்லாது. அதற்காக எண்ணெயைக் குளிப்பாட்டவும் கூடாது. வில் துவக்கில் குழலுக்குள் மிஞ்சிய எண்ணெய் அழுத்தச் சூட்டில் பற்றிக்கொண்டு ஒவ்வொரு அடியையும் ஒவ்வொரு வேகத்தில் தள்ளும்.


குளிர்நாட்டான் (கனடா) எழுதியது:

உப்புவெளி ஐயா சொன்னது காற்றுத் துவக்குக்கு முழுதும் பொருந்தும். வெடிமருந்துத் துவக்குக்கு அதை அப்படியே கொண்டுபோகக் கூடாது என்பதைச் சொல்லிவைக்க விரும்புகிறேன். இதை வாசிக்கும் பிறர் வளைவு என்பதே ஒன்றுமில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

கணக்கைப் பாருங்கள். 45 சென்டிமீற்றரில் 0.10 மில்லிமீற்றர் வளைவு என்றால் அது ஏறக்குறைய 250 மீற்றர் ஆரமுள்ள வட்டத்தின் ஒரு துண்டு. 0.53 கிராம் எடையுள்ள காற்றுத் துவக்குக் குண்டு வினாடிக்கு 170 மீற்றர் வேகத்தில் அதன் வழியே போகும்போது சுவரை அழுத்துவது வெறும் ஆறு கிராம் எடையளவு. அதே வளைவின் வழியே 9.7 கிராம் எடையுள்ள வேட்டைத் துவக்குக் குண்டு வினாடிக்கு 800 மீற்றரில் போனால் அழுத்தம் இரண்டரைக் கிலோவாகிறது. அந்த உதை குழலை அசைத்து அதிர வைக்கும். ஒவ்வொரு முறையும் அதே மாதிரி அசைந்தால் பிழைத்துக்கொள்ளலாம், ஆனால் மருந்தின் வேகம் சற்று மாறினாலும் அசைவும் மாறும். அதனால்தான் போட்டிக்காகக் குழல் பூட்டும் சில கைவினைஞர்கள், வளைவு மேல்நோக்கி நிற்கும்படி குழலைத் திருப்பிப் பூட்டுகிறார்கள்.

வளைவைவிடப் பெரிய பகை சூடு. உருக்கு ஒரு மீற்றருக்கு, ஒரு பாகை செல்சியசுக்கு, 0.012 மில்லிமீற்றர் நீளும். 60 சென்டிமீற்றர் நீளமும் 16 மில்லிமீற்றர் விட்டமும் உள்ள குழலில் ஒரு பக்கம் மறுபக்கத்தைவிட ஒரே ஒரு பாகை கூடச் சூடானால் போதும், 100 மீற்றரில் குண்டு படும் இடம் நாலரைச் சென்டிமீற்றர் நகரும். ஆழ்துளை சொன்னாரே, நடுவில் ஒரு பக்கம் தடிப்பு, மறுபக்கம் மெல்லிசு என்று. அப்படிப்பட்ட குழலில் மெல்லிய பக்கம் முந்திச் சூடாகும். முதல் மூன்று குண்டு ஓரிடத்தில், நாலாவது அதற்கு மேலே, ஐந்தாவது இன்னும் மேலே என்று நடந்துகொண்டே போகும். தரையில் கிடந்த சாப்டின் ஒரு பக்கம் வெயில் பட்டால் டயல் கேஜ் என்ன காட்டும் என்பது கடைசல்காரருக்குத் தெரிந்ததுதான். காற்றுத் துவக்கின் குழல் அப்படிச் சூடாவதில்லை என்பதால் அந்த வம்பு உங்களுக்கு இல்லை.

தொழிற்சாலை மாதிரிகள் பற்றிக் கேட்டீர்கள். முறையை வைத்துத் தரத்தைச் சொல்வது பிழை. வின்செஸ்டர் 70ஆம் மாதிரி வேட்டைத் துவக்கு 1964இல் வெட்டு முறையை விட்டுச் சுத்தியலடி முறைக்கு மாறியபோது பழைய ஆட்கள் ஒப்பாரி வைத்தார்கள். அதே சுத்தியலடி முறையில்தான் பின்லாந்தின் சாக்கோ துவக்கு நிறுவனமும் அதன் உடன்பிறப்பான டிக்காவும் தங்கள் குழல்களைச் செய்கின்றன, டிக்காவைப் பற்றிக் குறை சொல்லும் வேட்டைக்காரரை இங்கே காண்பது அரிது. இரண்டாம் உலகப் போரில் சவேஜும் கனடாவின் லோங் பிராஞ்ச் தொழிற்சாலையும் லீ-என்ஃபீல்ட் நான்காம் இலக்கத் துவக்குகளில் ஐந்துக்குப் பதில் இரண்டே வரிப்பள்ளங்கள் போட்டு அனுப்பின. படையினர் பயன்பாட்டுக்கு அவை போதுமாகவே இருந்தன. ஒரே மாதிரியில், ஒரே வாரத்தில் செய்த இரண்டு குழல்களுக்கிடையே உள்ள வேறுபாடு, இரண்டு தொழிற்சாலைகளுக்கிடையே உள்ளதைவிடப் பெரிதாக இருக்கக்கூடும். வெட்டும் கருவி புதிதா, நூறாவது குழலைப் போடுகிறதா என்பதுதான் அங்கே கேள்வி. விலை உயர உயர நீங்கள் கூடுதலாகக் கொடுப்பது நல்ல உருக்குக்காக அல்ல, நல்லதல்லாத குழலை எடுத்து வீசுவதற்காக.


உப்புவெளியான் எழுதியது:

கடைசி வரியை ஒத்துக்கொள்கிறேன். பயிற்சித் துவக்கு வாங்குகிற கழகத்துக்கு அந்த வீசுதல் நடப்பதில்லை. அதை வாங்குகிறவரே செய்ய வேண்டும்.


கடைசல்காரன் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை காலை பொறுப்பாளரோடு உட்கார்ந்து பார்த்தவற்றை எழுதுகிறேன்.

பஞ்சுக் குச்சியை நேரான குழலின் வாயில் சுற்றியபோது கீழ்ப்பக்கத்தில், கடிகார முள் ஆறு மணிக்கு நிற்கும் இடத்தில், நார் சிக்கியது. பூதக்கண்ணாடியால் பார்த்தால் அந்த இடத்தில் பொட்டுப் பொட்டாகத் துருத் தழும்பு; கம்பி உரசிய கீறலும் உண்டு. பிறகு குண்டைத் தள்ளினேன். வளைந்த குழலில் பின்பக்கத்திலிருந்து கடைசிவரை ஒரே பிடிப்பு, வாயருகே விரலுக்குத் தெரியும்படி இறுக்கம். நேரான குழலில் முக்கால் தூரம் சீராக வந்த குண்டு, வாய்க்கு நாலு சென்டிமீற்றர் இருக்கையில் கையிலிருந்து விடுபட்டது போல வழுக்கி வெளியே விழுந்தது. மூன்று குண்டுகளைத் தள்ளினோம், மூன்றும் அதே இடத்தில். வெளியே அளவுகோல் வைத்துப் பார்த்தால், முன்குறி பொருத்த வெட்டிய பள்ளம் சரியாக அந்த இடத்துக்கு மேலே இருக்கிறது. ஆழ்துளை தம்பி, நேரில் பார்த்தவர் போலவே சொல்லிவிட்டீர்கள்.

வாய் விளிம்பைச் சீவிக் கொடுக்க என் கடைசலுக்குப் பத்து நிமிட வேலைதான். ஆனால் உரிமம் இல்லாத பட்டறையில் துவக்கைத் திருத்துவது சட்டப்படி குற்றம் என்பதால் அதைத் தொடவில்லை. உரிமம் உள்ள திருத்துநரிடம் அனுப்பக் கழகம் ஒப்புக்கொண்டிருக்கிறது. விளிம்பைச் சரிசெய்த பின் சிதறல் குறைந்தாலும், அந்தத் தளர்ந்த நாலு சென்டிமீற்றர் அப்படியே இருக்கும் என்பதையும் சொல்லிவிட்டேன்.

புதிதாக வாங்குவதில் ஒரு முடிவுக்கு வந்தோம். இன்ன தொழிற்சாலை என்று எழுதிக் கொடுக்கப் போவதில்லை. விற்பனையாளர் ஒவ்வொரு மாதிரியிலும் இரண்டு துவக்குகளைக் காட்ட வேண்டும் என்றும், பணம் கட்டுமுன் பஞ்சுக் குச்சியும் ஒரு பெட்டிக் குண்டும் பித்தளைக் கம்பியும் கொண்டு நாங்களே பார்ப்போம் என்றும் கேட்டிருக்கிறோம். முதலில் முகம் சுளித்தவர், பிறகு "கடைசல்காரர் வருகிறாரா, வரட்டும்" என்றாராம். மகள் இப்போதைக்கு அந்த வளைந்த குழலைத் தன்னுடையது என்று பிடித்துக்கொண்டாள். வேறு யாரும் எடுக்காமலிருக்கப் பிடியில் சிவப்பு நாடா சுற்றி வைத்திருக்கிறாள்.